கணக்கில் வராத காற்று

மனிதகுலம் நெருப்பைக் கண்டது முதல் யுகம். சக்கரத்தைக் கண்டது இரண்டாம் யுகம். குற்றம் எவர் கையால் விளைந்தது என்பதைக் கூசாமல், குழறாமல், முகம் பாராமல் உரைக்கும் இயந்திரத்தைக் கண்டது மூன்றாம் யுகம். நான்காவது என்று ஒன்று இனித் தேவைப்படாது.

கோயம்புத்தூர் இயந்திர நீதி ஆணையத்தின் வாசலில், ஆள் உயரச் சலவைக்கல்லில் இப்படிப் பொறித்திருந்தார்கள். எழுத்துக்குப் பொன்முலாம். கல்லின் காலடியில் ஒரு பினாயில் கேன், தேய்ந்துபோன இரண்டு விளக்குமாறு, உள்ளே போனவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள். மூன்றாம் யுகத்துக்குள் செருப்போடு போகக்கூடாது.

ஜெயசீலி குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எதிர்ப்புறம் வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"என்னம்மிணி, உன்னையும் கூப்பிட்டுட்டாங்களாட்ட இருக்குது?"

தனகோடி தள்ளுவண்டியில் கொய்யாவை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னாள் மெக்கானிக், முன்னாள் கை 5032.

"ஆமாங்கண்ணா. கேஸ்கெட்டுங்கறாங்க."

"எனக்கும் கேஸ்கெட்டுதான். மிஷினுக்கு அது ரொம்பப் புடிச்ச வார்த்தை." ஒரு கொய்யாவைத் துடைத்து உச்சியில் வைத்தார். "திங்கக்கிழமை என்ற மனுவை எடுக்கறாங்க. கை போனவன் ஆறு வருஷம் புதுசா ஒரு குத்தமும் இல்லாம இருந்தா திருப்பிக் குடுக்கோணும்னு ரூலு. கொய்யா விக்கறவன் மேல என்ன குத்தம் வரப்போகுது? சாட்சிக்கு உரிமம் இருக்கற கை ஒண்ணு வேணும். நீ வர்றயா?"

"வர்றேங்கண்ணா."

"போன தடவையும் நீதான் வந்தே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் ஜெயசீலிக்குத் தாங்கவில்லை. பூட்ஸைக் கல்லுக்குக் கீழே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கிறவள் அவள். வயது நாற்பத்தாறு. கை எண் 7714. பெட்ரோல் வண்டிகள் அருகிப்போய், மிச்சமிருந்தவற்றை அரசாங்கம் அரிய பிராணிகளைப்போல எண்ணிக் காக்க ஆரம்பித்த காலத்தில் வந்தது இந்த ஏற்பாடு. ஒவ்வொரு வண்டியின் பானெட்டுக்கும் சீல். உள்ளே கடுகளவு கேமரா. உரிமம் பெற்ற கை மட்டுமே சீலைத் திறக்கலாம்; எந்தக் கை என்றைக்கு எதைத் தொட்டது என்று கேமரா குறித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் வண்டியை ஆணையத்துக்குக் கொண்டுவந்து, நிதானி என்ற இயந்திரத்தின் முன்னால் மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். நிதானி காதுகொடுத்துக் கேட்கும். கேமராவின் குறிப்பைப் புரட்டும். கோளாறு என்ன, அதற்குக் காரணமான கை எது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

மெக்கானிக்குகளிடம் ஏமாந்து நொந்துபோயிருந்த ஜனங்கள் இதைக் கைதட்டி வரவேற்றார்கள். ஜெயசீலியும் தட்டினாள். அவள் ஒழுங்காக வேலை செய்கிறவள். ஒழுங்காக வேலை செய்கிறவளுக்கு என்ன பயம்?

இயந்திரம் தனியாகத் தீர்ப்புச் சொல்வது மனிதாபிமானம் ஆகாது என்று சிலர் முணுமுணுத்ததால், ஒவ்வொரு தீர்ப்பிலும் சக மெக்கானிக் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று விதி சேர்த்தார்கள். 'தீர்ப்பைக் கண்டேன், உடன்படுகிறேன்.' உடன்படாதவர்கள் எங்கே கையெழுத்திடுவது என்று படிவத்தில் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் தனகோடியின் தீர்ப்புக்கு உடன்பட்டவள் ஜெயசீலி. அன்றைக்கு அவள் முறை வந்திருந்தது, அவ்வளவுதான். மேலும் அப்போது அவள் அதை நம்பினாள்.

பத்து நாளுக்கு முன் அவள்மேல் வந்த தீர்ப்பு இது: 'நிற்கும் நிலையில் காற்று மிகுதி, எரிபொருள் குறைவு. காரணம்: மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு. கை: 7714. உறுதி: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.'

மேனிஃபோல்டு என்பது எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்; அது எஞ்சினோடு சேருமிடத்தில் காற்று புகாமல் அடைக்கும் மெல்லிய தகடு கேஸ்கெட். கை ரத்தானால் பட்டறையை மூடவேண்டும். அதோடு போகாது. அந்தக் கை தொட்ட வண்டிகள் அத்தனையும் அன்றே சாலையை விட்டு இறங்க வேண்டும். ஜெயசீலியின் கை தொட்டவை இருநூற்றுப் பதினொன்று. யார் யாருடையவை என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அதில் இருநூற்றுப் பத்து சாதாரண மனிதர்களுடையவை. ஒன்றுமட்டும் ஆணையத் தலைவர் முனைவர் செங்குட்டுவேலுடையது. நின்றால் நடுங்குகிறது என்று ஆணையத்துக்கு வந்த வண்டி அதுதான்.

பிரிவு அலுவலர் ஹபீபுல்லா அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தார். முப்பது வருஷ அலுவலகம் அவர் முகத்தில் ஒரு நிரந்தரக் கொட்டாவியை வைத்திருந்தது.

"மறுகேட்பு கேட்டிருக்கீங்க. நல்லது. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு நிதானி திரும்பக் கேக்கும். அதுக்குள்ள நீங்க வண்டியைச் சரிபண்ணலாம்."

"சரிபண்ணிட்டா விட்ருவாங்களா சார்?"

"சரிபண்ணிட்டீங்கன்னா, கோளாறு உங்க வேலையிலதான் இருந்துச்சுன்னு நிரூபணம் ஆயிடும்."

"சரிபண்ணலைன்னா?"

"கோளாறு இன்னும் இருக்குன்னு நிரூபணம் ஆயிடும்."

ஜெயசீலி அவரையே பார்த்தாள். ஹபீபுல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. நானும் இதை ஒரு தடவை எழுதி மேல அனுப்பினேன். 'இருபுறமும் தெளிவாக உள்ளது'ன்னு குறிப்புப் போட்டு வந்துச்சு. வேற ஒரு கைதான் காரணம்னு நீங்க காட்டினா மட்டும்தான் வழி. ஆனா ஆடி மாசம் நீங்க கேஸ்கெட் மாத்தினதுக்கு அப்புறம் அந்த பானெட்டுக்குள்ள வேற கையே போகலைன்னு கேமரா சொல்லுது." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. தீர்ப்பு கேஸ்கெட்டைத்தான் சொல்லியிருக்கு. நீங்க கேஸ்கெட்டை மட்டும்தான் தொடலாம். வேற எதையாவது தொட்டா, தீர்ப்புக்கு வெளியே கைவைத்தல். அது தனிக் குற்றம்."

"பாக்கலாமா?"

"பாக்கறதுக்கு இன்னும் உரிமம் கொண்டுவரலை."

வண்டி பின்கட்டு ஷெட்டில் நின்றது. வெள்ளை நிறம், அரை நூற்றாண்டு வயது, டர்போ பொருத்திய பெரிய செடான். தலைவர் மற்ற அதிகாரிகளைப்போல மின்சார வண்டியில் போகலாம். ஆனால் பெட்ரோலுக்கு நீதி வழங்குகிறவர் பெட்ரோலில்தான் போகவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வருகிற புதன்கிழமை ஆணையத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இந்த வண்டிதான் ஊர்வலத்தின் முன்னால் போகவேண்டும். ஊர்வலம் என்றால் மெதுவாக, நின்று நின்று போவது. இந்த வண்டிக்கு நிற்பதுதான் ஆகவில்லை.

"நேத்து லட்சுமி மில் சிக்னல்ல நின்னமுங்க அம்மிணி," என்றார் ஓட்டுநர் வெள்ளிங்கிரி. "ஐயாவோட பொன்னாடை தானா நழுவிக் கீழ விழுந்துருச்சு. அந்த ஆட்டம் ஆடுது. ஆனா மிதிச்சமுன்னா போதும், மகராசனாட்டப் போகுது."

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா."

எஞ்சின் பிடித்தது. காய்ச்சல்காரன் பல்லைப்போலத் தந்தியடித்தது, ஒரு நொடி அடங்கியது, மறுபடி தந்தியடித்தது. ஜெயசீலி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினாள். அதுவும் பார்ப்பதில்தான் சேரும்.

"நின்னுட்டிருக்கறப்ப கம்ப்யூட்டர் நூத்துக்கு இருவத்தாறு பங்கு கூடுதலாப் பெட்ரோல் ஊத்தறதுக்குத் தவிக்குது. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுங்க... பாருங்க, நாலுக்கு இறங்கிருச்சு. விடுங்க. மறுபடி இருவத்தாறு."

துணைக்கு வந்து நின்ற ஹபீபுல்லா கேட்டார்: "அப்படின்னா என்னம்மா?"

"உங்க ஆபீஸ் மாதிரிதான் சார். வாசல்ல ஒரு சென்சார் உக்காந்து, எத்தனை காத்து உள்ள வருதுன்னு எண்ணுது. அந்தக் கணக்குக்குத் தக்கன பெட்ரோல் ஊத்துவாங்க. யாராவது பின்பக்கமா எண்ணாம உள்ள வந்துட்டா?"

"சாப்பாடு பத்தாது."

"அதான் நடுக்கம். வேகமாப் போறப்ப டர்போ காத்தை அமுக்கித் தள்ளுது. ஆயிரம் பேர் பந்தியில நாலு பேர் கூடுதலா வந்தாத் தெரியாது. நின்னுட்டிருக்கறப்ப பத்துப் பேர்தான் சாப்பாடு. அதுல நாலு பேர் திருட்டுத்தனமா வந்தா?"

"அந்தப் பின்வாசல் எதுன்னு நிதானி சொல்லிடுச்சே. கேஸ்கெட்டு."

"எண்ணாத காத்து வருதுங்கறதை அது சரியாத்தான் கேட்டிருக்குது சார். எங்கேயிருந்துன்னு அதுக்குத் தெரியாது. கடைசியா அந்தப் பக்கம் யார் போனதுன்னு குறிப்பைப் பாத்திருக்குது. நான் போயிருக்கேன்."

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்திருந்த புகை மிஷினின் குழாயைக் காற்று நுழையும் வாயில் பொருத்தினாள். உள்ளே புகையை அனுப்பினால் எங்கே ஓட்டையோ அங்கே வெளியே வரும். இதுவும் பார்ப்பதில்தான் சேரும்; இதில் சூதுவாது கிடையாது. மூவரும் பானெட்டுக்குள் தலையை நீட்டிக் காத்திருந்தார்கள். ஜெயசீலியின் கண் கேஸ்கெட்டின் விளிம்பை விட்டு நகரவில்லை. ஆடி மாசம் அந்த போல்ட்டுகளை முறுக்கியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்திருந்தாள். இருந்தாலும் தொண்ணூற்று நான்கு என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் தன் கைமேல் சந்தேகம் வந்துவிடும்.

கேஸ்கெட்டில் புகை இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இல்லை.

"அம்மிணி," என்றார் வெள்ளிங்கிரி. "அக்கட்டப் பாருங்க."

எஞ்சினின் மறுபக்கம், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் கழுத்திலிருந்து மெல்லிய புகை, ஊதுபத்திப் புகையைப்போல நிதானமாக எழுந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி மாதிரி இருந்ததில் ஒரு பொருத்தமும் இருந்தது. டிப்ஸ்டிக்கின் கழுத்தில் மஞ்சள் கயிறு. மூன்று சுற்று, மூன்று முடிச்சு, நடுவில் ஒரு விரலி மஞ்சள். அந்தக் கயிற்றின் பருமனுக்குக் குச்சி முழுதாக உள்ளே இறங்காமல், ரப்பர் வளையம் குழாயின் வாயில் உட்காராமல், நெல்மணி கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கில் நுழையும் காற்று ஆயில் தொட்டி வழியாக, எண்ணப்படாமல் எஞ்சினுக்குள் போய்ச் சேரும்.

"இது எப்பண்ணா?"

வெள்ளிங்கிரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ஹபீபுல்லா சொன்னார்.

"ஆயுதபூஜை. ஐயாவே கட்டினாரு. போட்டோகூட எடுத்தோம்."

"அப்ப கேமராவுல இருக்குமே!"

"இருக்காதும்மா. சாமி கும்பிடறதைக் கண்காணிக்கறது மத உணர்வைப் புண்படுத்தும்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. வழிபாட்டுக்காகச் சீலைத் திறந்தா கேமரா பதினஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கும். குறிப்புல என்ன விழும் தெரியுமா? 'வழிபாடு. கைகள்: இல்லை.'"

வெள்ளிங்கிரி முன்னால் வந்தார். "ஐயா கேட்டாருங்க. 'வெள்ளிங்கிரி, இந்த எஞ்சினுக்கு இதயம் எது?'ன்னாரு. எனக்கென்னங்க தெரியும். ஸ்டியரிங்குல ஐயா வீட்டம்மா மாலை போட்டுட்டாங்க. கண்ணுக்கு இதுதான் மஞ்சளா, பிடிக்கத் தோதாத் தெரிஞ்சுது. 'இதுதானுங்க ஐயா'ன்னு சொல்லிப்போட்டேன். நாந்தான் குச்சியைச் சித்தே தூக்கிப் புடிச்சேன், அவரு கட்டினாரு." கையைக் கூப்பினார். "என்ற பேரு வெளிய வர வேண்டாமுங்க அம்மிணி. உரிமம் இல்லாத கை நானு. என்ற மருமவனோட சரக்கு வண்டிகூட நீங்க பாத்த வண்டிதானுங்க."

ஜெயசீலி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைவு வேறொரு வண்டியில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன், இதே ஷெட்டில், நீல நிற வண்டி. தனகோடி அதன் பக்கத்தில் நின்று, 'என் கேஸ்கெட்டு நல்லாத்தான் இருக்குது, நல்லாத்தான் இருக்குது' என்று ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் டிப்ஸ்டிக்கில் ஒரு கயிறு இருந்தது. அவள் பார்த்தாள். பரவாயில்லை, பக்தியுள்ள வீடு என்று நினைத்துக்கொண்டு உடன்படுகிறேன் என்று எழுதினாள். அது ஐப்பசி மாசம்.

"சார், கை ரத்தாகறதெல்லாம் எந்த மாசத்துல அதிகம்?"

ஹபீபுல்லா கயிற்றைப் பார்த்துவிட்டு, "ஐப்பசி," என்றார். "பத்து வருஷமா ஐப்பசிதான். ஆண்டறிக்கையில அதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு. 'பண்டிகைக்கால அலட்சியம்: மெக்கானிக்குகளின் மனநிலை குறித்த ஓர் ஆய்வு.'" பிறகு சொன்னார்: "தலைப்பு நான் வெச்சதுதாம்மா. நல்லா இருக்குன்னு பாராட்டினாங்க."

தலைவர் முனைவர் செங்குட்டுவேல் எழுந்து நின்று வரவேற்றார். அவர் எல்லோரையும் எழுந்து நின்றுதான் வரவேற்பார். பின்சுவரில் இருந்த அவருடைய படத்தோடு அப்போதுதான் உயரம் ஒத்துப்போகும்.

"வருக அம்மையீர். உழைக்கும் கைகளை நான் வணங்குகிறேன்."

"வணக்கமுங்க ஐயா. கேஸ்கெட்டுல கசிவு இல்லீங்க. டிப்ஸ்டிக்குல கட்டியிருக்கற கயிறுதான் காரணம். புகை விட்டுப் பாத்தாச்சு. ஹபீபுல்லா சாரும் பாத்தாரு."

தலைவர் ஹபீபுல்லாவைப் பார்த்தார். ஹபீபுல்லா மின்விசிறியைப் பார்த்தார்.

"எந்தக் கயிறு?"

"ஆயுதபூஜைக்கு நீங்க கட்டினதுங்க."

தலைவர் உட்கார்ந்தார். சினம் கொள்ளவில்லை. மேடையில் இடைவெளி விடுவதுபோல ஓர் இடைவெளி விட்டார்.

"அம்மையீர், வழிபாட்டில் கை என்பது இல்லை. அன்று கட்டியது நான் அல்லேன். என்னுள் எழுந்த நன்றியுணர்வு. நன்றியுணர்வுக்கு எண் கிடையாது. அதை நிதானி எப்படிக் குறிக்கும்?"

"குறிக்க வேண்டாமுங்க ஐயா. என் கை இல்லைன்னு மட்டும் குறிச்சாப் போதும்."

"உங்கள் கை இல்லை என்றால் வேறு கை வேண்டும். வெற்றிடத்தில் தீர்ப்பு நிற்காது." கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியபோது முகம் சட்டென்று சாதாரண முகமாகிவிட்டது. குரலும் அப்படியே ஆயிற்று. "ஏம்மா, ஒரு கயிறை ஒத்துக்கிட்டா, அடுத்த நாள் எத்தனை பேர் கயிறோட வந்து நிப்பாங்கன்னு யோசிச்சீங்களா? பத்து வருஷம். ஆயிரத்து நானூறு கை. எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெயசீலி அவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். முட்டாளாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மேடைத் தமிழும் திரும்ப வந்தது.

"உங்களைப் போன்ற நல்ல கையை இழக்க நான் விரும்பவில்லை. தொட்ட கை வேறு, மூலக்கை வேறு. ஒரு கோளாறு, கடைசியாகத் தொட்டவரால்தான் விளையவேண்டும் என்பதில்லை. முதன்முதலில் தொட்டவரின் பிழை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழலாம். மூலக்கைக் கோட்பாடு! புதன்கிழமை விழா உரையில் இதை வெளியிடலாம் என்றிருக்கிறேன். ஹபீபுல்லா, இந்த வண்டியின் மேனிஃபோல்டில் முதலில் கைவைத்தவர் எவர்?"

ஹபீபுல்லா ஃபைலைப் புரட்டினார். தேவைக்கு மேல் புரட்டினார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி சார். கை 5032."

"இன்று அவர் நிலை?"

"ஏற்கெனவே ரத்தான கை சார்."

"அற்புதம்!" தலைவர் மேசையை மெல்லத் தட்டினார். "ரத்தான கை மேலும் ரத்தாவதற்கு இடமில்லை. யாருக்கும் இழப்பில்லை. நீங்கள் விடுபடுகிறீர்கள், இருநூற்றுச் சொச்சம் வண்டிகள் ஓடுகின்றன, நீதி நிற்கிறது. சக கை என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டால் போதும்."

5032 தனகோடியின் கை. "ஐயா, அவரோட மனு..."

"எந்த மனு?"

ஹபீபுல்லா அவளைப் பார்த்தார். சொல்லு என்றா சொல்லாதே என்றா தெரியாதபடி பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அவரே சொல்லியிருக்கலாம். பதினாலு மாசத்தில் அவருக்கு ஓய்வு.

அவள் கணக்குப் போட்டாள். இருநூற்றுப் பதினொரு வண்டி. வெள்ளிங்கிரியின் மருமகன். பட்டறையில் காலையில் எடுத்துப் போட்டுவிட்டு வந்த ஸ்பேனர்கள். மறுபக்கத்தில் ஒரே ஒரு ஆள். அதுவும் பழகிப்போன ஆள். ஆறு வருஷமாகப் பழகிவிட்டார். இப்படி யோசிக்கத் தனக்கு இவ்வளவு சுலபமாக வருமென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றாள்.

மிச்சம் இருந்தது கயிறு. கேஸ்கெட்டைத் தவிர வேறெதையும் தொட்டால் கேமரா குறிக்கும். அதற்கும் தலைவரிடம் வழி இருந்தது: மூன்றரை மணிக்குச் சிறப்பு வழிபாடு.

சீல் திறந்தது, கேமரா பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளிங்கிரி சூடம் கொளுத்தினார். தலைவர் கண்மூடி நின்றார். ஜெயசீலி டிப்ஸ்டிக்கை இழுத்து, கயிற்றைக் கழுத்திலிருந்து மேலே தள்ளி, பிடி வளையத்தில் நிறுத்தினாள். அவிழ்க்கக்கூடாது, வருஷம் முடியவில்லை என்று தலைவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். குச்சியை அழுத்தினாள். ரப்பர் வளையம் 'டப்' என்று உட்கார்ந்தது. இருபது நொடி வேலை.

எஞ்சினை முடுக்கினார்கள். உறைகுத்திய தயிரைப்போல அசையாமல் நின்று ஓடியது. பானெட்டின்மேல் வைத்திருந்த எலுமிச்சம்பழம் உருளவில்லை.

விதிவிலக்கு பதினைந்து நிமிடம் என்பதால் மிச்ச நேரம் முழுவதும் எல்லோரும் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. ஹபீபுல்லா பொரி கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் இரண்டு கைப்பிடி எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு நிதானி மூன்று நிமிடம் கேட்டது. மூலக்கை என்ற புதிய கட்டத்தை அதற்குள் மென்பொருள் பிரிவில் யாரோ சேர்த்திருந்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் அங்கே விரைவாகவே நடக்கும். தீர்ப்பு வந்தது. 'தற்போது கோளாறு இல்லை. முந்தைய கோளாறுக்கு மூலக்கை: 5032. உறுதி: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.'

தொண்ணூற்று நான்கு. எண்கூட மாறவில்லை.

படிவம் பழைய படிவம்தான். ஜெயசீலி 'உடன்படுகிறேன்' என்பதற்குக் கீழே கையெழுத்திட்டாள். ஹபீபுல்லா தேதி முத்திரையைக் குத்தினார். மை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார்.

"திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு மனுவை எடுப்பாங்க," என்றார், ஃபைலைப் பார்த்தபடி. "இது அதுக்கு முன்னாடியே அந்த ஃபைல்ல சேர்ந்துடும். நான் தாமதப்படுத்த முடியாது. தாமதம் இங்க தனிக் குற்றம்."

"தெரியுமுங்க சார்."

வெளியே வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள். வெயில் சாய்ந்திருந்தது. சலவைக்கல்லின் பொன்னெழுத்து கண்ணைக் கூசச் செய்தது. பினாயில் கேன் இடம் மாறியிருந்தது. வேகமாக நடந்தால் பேருந்து நிறுத்தத்துக்குத் தள்ளுவண்டியைத் தாண்டாமல் போகமுடியுமா என்று பார்த்தாள். முடியாது.

"என்னம்மிணி ஆச்சு?"

"விட்டுட்டாங்கண்ணா."

"விட்டுட்டாங்களா!" தனகோடியின் முகம் முழுக்கச் சிரிப்பு. "பத்து வருஷத்துல மறுகேட்புல ஜெயிச்ச மொத ஆளு நீதான். அப்ப கேஸ்கெட்டு இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"கேஸ்கெட்டு இல்லீங்கண்ணா."

"நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். பின்ன என்னதானாம்?"

"காத்துதாங்கண்ணா. எங்கயோ எண்ணாம உள்ள போயிருக்குது."

"அதைக் கண்டுபுடிச்சயே, அதான் கை!" அவர் உச்சியில் இருந்த கொய்யாவை எடுத்து நான்காக வகிர்ந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, காகிதத்தில் வைத்து நீட்டினார். "திங்கக்கிழமை இதையே அங்க வந்து சொல்லு. ஜெயிச்ச கை வந்து சாட்சி சொன்னா, மறுக்க முடியாதல்ல? பத்து மணி. மறந்துறாதே."

"வந்தர்றேங்கண்ணா."

கொய்யா நன்றாகக் கனிந்திருந்தது. ஜெயசீலி இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.